ஆப்பிரிக்காவின் நீளத்தை ஓடிக் கடந்த ரஸ் குக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்கள் ஓட்டக் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் ரஸ் குக்கின் காணொளி ஒன்றையாவது பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்கள் கேட்பவையும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள். அவரைப் பற்றிய பேச்சில் தொடங்கி, "நானும் ஓடுவதைப் பதிவிடலாமா?" என்பதில் வந்து நிற்பார்கள். அடிக்கடி காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ரஸ் குக் யார்? ஒலிம்பிக்கில் ஓடியவரா?

இல்லை. இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் வொர்திங் என்ற ஊர்க்காரர். நாட்டு அணிக்காக ஓடியவரும் அல்லர், வேகத்துக்காகப் பேர் வாங்கியவரும் அல்லர். இளம் வயதில் குடி, சூதாட்டம், மனச்சோர்வு என்று தடுமாறியதையும் ஓட்டம் தன்னைக் கரைசேர்த்ததையும் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். செம்பட்டை முடியும் தாடியுமாக, 'ஹார்டெஸ்ட் கீசர்' ('மிக உறுதியான ஆள்' என்று பொருள்) என்ற பெயரில் சமூக ஊடகங்களில் இயங்குகிறார். ஆப்பிரிக்க ஓட்டத்தை முடித்தபோது அவருக்கு வயது 27.

சரியாக எங்கிருந்து எங்கே ஓடினார்?

2023 ஏப்ரல் 22 அன்று ஆப்பிரிக்காவின் தென்கோடியான அகுல்யாஸ் முனையில், தென்னாப்பிரிக்காவில் தொடங்கினார். 2024 ஏப்ரல் 7 அன்று வடகோடியான ராஸ் ஆஞ்சலாவில், துனிசியாவில் முடித்தார். மொத்தம் 352 நாட்கள், 16,000 கிலோமீட்டருக்கும் அதிகம், 16 நாடுகள்.

வழியைக் கேட்பவர்களுக்காக: தென்னாப்பிரிக்கா, நமீபியா, அங்கோலா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, காங்கோ குடியரசு, கேமரூன், நைஜீரியா, பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ட், கினி, செனகல், மொரிட்டேனியா, அல்ஜீரியா, துனிசியா. கண்டத்தின் மேற்குக் கரையை ஒட்டி ஏறி, கடைசியில் சஹாராவைக் குறுக்கே கடந்து வடக்கே போயிருக்கிறார். ஒருமுறையாவது வரைபடத்தில் விரல் வைத்து இந்தப் பாதையைத் தடவிப் பாருங்கள்; பின்னால் வரும் விசா கதை அப்போதுதான் முழுதாகப் புரியும்.

ஒரு நாளைக்கு ஒரு மாரத்தான் என்கிறார்களே, நம்பும்படி இருக்கிறதா?

கணக்குப் போட்டால் அதற்கும் மேலேயே வருகிறது. 16,000 கிலோமீட்டரை 352 நாட்களால் வகுத்தால் சராசரி 45 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஒரு மாரத்தான் 42.195 கிலோமீட்டர்தான். நோயிலும் காயத்திலும் ஓடாமல் கிடந்த நாட்களும் இந்தச் சராசரிக்குள் அடக்கம். எனவே ஓடிய நாட்களில் இன்னும் கூடுதலாகவே ஓடியிருக்கிறார்.

முதலில் போட்ட திட்டம் இதைவிடக் கடுமையானது: 240 நாட்களில் 360 மாரத்தான். அதாவது நாளொன்றுக்கு 63 கிலோமீட்டர். அது நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதை மறைக்காமல், நாள் எண்ணிக்கையை மேலே ஏற்றிக்கொண்டே போனார். அவர்மீது எனக்கு மதிப்பு வந்தது அங்கேதான்.

புதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு தூரத்தை யாரும் பந்தய வேகத்தில் ஓடுவதில்லை. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்று வைத்தால்கூட 45 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம். நடப்பது, உண்பது, நிழலில் உட்கார்வது என்று சேர்த்தால் பகல் பொழுது முழுக்க அதற்கே போய்விடும். அவருக்கு அது முழுநேர வேலை. அலுவலகம் போய்வரும் நாம் அந்தத் தூரத்தை நமக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தன்னந்தனியாகவா ஓடினார்?

ஓடியது அவர் ஒருவர்தான். கூடவே ஒரு வேனும் சிறு குழுவும் போயின. சமைப்பது, தண்ணீர் சேர்ப்பது, எல்லையில் காகிதங்களைப் பார்ப்பது, படம்பிடிப்பது, இரவோடு இரவாகத் தொகுப்பது எல்லாம் அவர்கள் வேலை. நாம் பார்த்த காணொளிகள் அந்த இளைஞர்களின் உழைப்பில் வந்தவை. அவர்களும் அதே வெயிலில் இருந்தார்கள், அதே துப்பாக்கி முனையிலும் நின்றார்கள். அதைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

வழியில் துப்பாக்கி, கத்தி என்று ஏதேதோ சொல்கிறார்களே, உண்மையில் என்ன நடந்தது?

2023 ஜூனில் அங்கோலாவில் ஆயுதம் ஏந்தியவர்கள் குழுவை மறித்துக் கேமராக்கள், தொலைபேசிகள், பணம், பாஸ்போர்ட்டுகள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். காங்கோவில் குழுவைப் பிரிந்து வழிமாறிய குக்கை வெட்டுக்கத்தி வைத்திருந்தவர்கள் பிடித்து, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். உயிர் மிஞ்சாது என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். பத்திரமாக மீண்டார்.

உடம்பும் சும்மா விடவில்லை. தொடக்க மாதங்களில் சிறுநீரில் ரத்தம் வந்தது, உணவு ஒத்துக்கொள்ளாமல் படுத்தார். நைஜீரியாவில் முதுகுவலி வந்து ஓட்டத்தையே நிறுத்திவிடுமோ என்ற நிலைக்குப் போனது; நாள்கணக்கில் ஓய்வெடுத்தார். 240 நாள் திட்டம் உடைந்ததற்கு இவையெல்லாம்தான் காரணம்.

இவ்வளவு பேர் எப்படிப் பின்தொடர ஆரம்பித்தார்கள்? ஒரே காணொளியில் பிரபலமானவரா?

நான் அதிகம் யோசித்த கேள்வி இது. ஒரே இரவில் பிரபலமாவதும் உண்டு. 2022 மார்ச்சில் நொய்டாவில் வேலை முடித்து நள்ளிரவில் முதுகில் பையோடு வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த ஓர் இளைஞரைத் திரைப்பட இயக்குநர் வினோத் காப்ரி காரில் ஏறச் சொல்லிக் கேட்டதும், ராணுவத்தில் சேரப் பயிற்சி எடுப்பதாகச் சொல்லி அவர் மறுத்ததும் நாடெங்கும் பரவின. அந்தப் பையன் கூட்டத்தைத் தேடவில்லை. கூட்டம்தான் அவரைத் தேடி வந்தது.

குக்கின் கதை வேறு. 2019இலேயே இஸ்தான்புல்லில் இருந்து லண்டன் வரை ஓடியிருந்தார். ஒரு காரை இழுத்துக்கொண்டே மாரத்தான் தூரத்தைக் கடந்திருந்தார். அப்போதும் பதிவிட்டார், அப்போது பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆப்பிரிக்காவில் அவர் செய்தது மிக எளிய காரியம்: இன்று எத்தனையாவது நாள், எத்தனை கிலோமீட்டர், என்ன ஆயிற்று. இந்த மூன்றையும் நாள்தோறும் சொன்னார். ஓடிய நாளிலும் சொன்னார், ஓட முடியாத நாளிலும் சொன்னார். யூடியூபில் நீளமான காணொளிகள் தனியாக வந்தன.

தினமும் வரும் தொடர்கதைக்குக் காத்திருந்த தலைமுறை நம்முடையது. நேற்று வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தவர் இன்று எழுந்தாரா என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது. முடிவு முன்பே தெரியாத ஒரு காரியத்தை, அது நடக்க நடக்கச் சொன்னதால்தான் மக்கள் ஒட்டிக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். தோற்கவும் வாய்ப்பிருந்தது, அதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அல்ஜீரியா விசா விஷயத்தில் எக்ஸ் தளம்தான் காப்பாற்றியது என்கிறார்களே?

ஆம், கிட்டத்தட்ட அப்படித்தான். முதலில் அவர் துனிசியாவில் தொடங்கித் தெற்கே வருவதாகத்தான் இருந்தது. அல்ஜீரியா வழியாகப் போவதில் இருந்த சிக்கலால் திசையைத் திருப்பித் தெற்கிலிருந்து கிளம்பினார். 2024 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் உச்சிக்கு வந்தபோது அதே கதவு மூடிக் கிடந்தது.

வேறு வழியில் போகக்கூடாதா என்று கேட்பீர்கள். மேலே சொன்ன வரைபடத்தைத் திரும்ப எடுங்கள். மொரிட்டேனியாவுக்கு வடக்கே மேற்கு சஹாராவும் மொராக்கோவும் இருக்கின்றன. ஆனால் மொராக்கோவுக்கும் அல்ஜீரியாவுக்கும் இடையிலான தரைவழி எல்லை 1994 முதல் மூடப்பட்டிருக்கிறது. கிழக்கே சுற்றினால் மாலி, நைஜர், லிபியா என்று ஆயுத மோதல்கள் நடக்கும் நிலப்பரப்பு. மேற்கிலிருந்து கால்நடையாகத் துனிசியாவை அடைய அல்ஜீரியாவை விட்டால் நல்ல பாதை கிடையாது. அவ்வளவு தூரம் ஓடிவந்தவரின் முயற்சி முழுதும் ஒரு முத்திரைக்காகக் காத்து நின்றது.

கேமராவைப் பார்த்து நிலைமையைச் சொல்லி, யாராவது உதவுங்கள் என்று கேட்டு எக்ஸ் தளத்தில் ஒரு காணொளி போட்டார். அது ஒரு கோடிக்கும் அதிகமான முறை பார்க்கப்பட்டது. பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுத்தார்கள். சில நாட்களில் லண்டனில் உள்ள அல்ஜீரியத் தூதரகமே விசா தருவதாக அதே தளத்தில் பதில் எழுதியது. அந்த ஒரு காணொளியை மட்டும் பார்த்து மயங்கக்கூடாது. பல மாதங்களாக நாள் தவறாமல் எழுதிய ஒருவர் கேட்டதால்தான் அத்தனை பேர் அதைப் பகிர்ந்தார்கள்.

அவர்தான் ஆப்பிரிக்காவை ஓடிக் கடந்த முதல் மனிதரா?

இதில் சர்ச்சை இருக்கிறது, அது நியாயமான சர்ச்சையும்கூட. டென்மார்க்கின் யெஸ்பர் ஓல்சன் 2008 டிசம்பரில் எகிப்தின் தாபாவில் தொடங்கி 2010இல் அதே அகுல்யாஸ் முனையில் முடித்தார்; தூரம் ஏறக்குறைய 12,800 கிலோமீட்டர். உலக ஓட்டக்காரர்கள் சங்கம் என்ற அமைப்பு, முதலில் செய்தவர் ஓல்சன்தான் என்று குக் முடிக்கும் தறுவாயில் அறிவித்தது. அதற்கும் முன்னால், 1998இல், இங்கிலாந்துக்காரரான நிக்கலஸ் போர்ன் கேப் டவுனில் இருந்து கெய்ரோ வரை ஓடியிருக்கிறார்.

குக்கின் தரப்பு சொல்வது: தென்கோடி முனையில் இருந்து வடகோடி முனை வரை, முழு நீளத்தையும் ஓடியவர் அவர்தான். இரண்டு முனைகளையும் கண்டிப்பாகக் கணக்கில் எடுத்தால் அது சரி. 'ஆப்பிரிக்காவை முதலில் ஓடிக் கடந்தவர்' என்று பொதுப்படையாக எழுதினால் தவறு. ஓல்சனும் போர்னும் ஓடியபோது இன்றைய அளவுக்கு சமூக ஊடகம் கிடையாது. பார்த்தவர் இல்லை என்பதற்காக அவர்கள் ஓடிய தூரம் குறைந்துவிடாது. பகிரும்போது அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

எல்லாம் விளம்பரத்துக்குத்தானே? கேமரா இல்லாவிட்டால் ஓடியிருப்பாரா?

விளம்பரதாரர்கள் இருந்தார்கள். வேனும் டீசலும் விசாக் கட்டணமும் வானத்தில் இருந்து விழுவதில்லை. அதே கேமராவால்தான் 10 லட்சம் பவுண்டுக்கும் அதிகமான நன்கொடை சேர்ந்தது. வீடற்ற இளைஞர்களை ஓட்டத்தின் வழியே மீட்கும் 'தி ரன்னிங் சாரிட்டி', மேற்கு சஹாராவைச் சேர்ந்த சஹ்ராவி மக்களுக்காக இயங்கும் 'சாண்ட்பிளாஸ்ட்' என்ற இரண்டு அமைப்புகளுக்கு அது போனது.

இது சமூக ஊடகம் கண்டுபிடித்த வழியும் அன்று. புற்றுநோயால் வலது காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கோடியில் செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். ஆரம்ப வாரங்களில் பல ஊர்களில் அவரை ஏறிட்டுப் பார்க்கவும் ஆளில்லை. போகப் போகச் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் அவரை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தன. 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடி, நுரையீரலுக்கு நோய் பரவியதால் நிறுத்தினார். எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நினைத்தே ஓடினார். அதில் அவருக்கு எந்தச் சிறுமையும் வந்துவிடவில்லை.

ஆப்பிரிக்கா என்றாலே கொள்ளைக்காரர்கள் என்று காட்டிவிட்டாரோ?

துண்டுக் காணொளிகளை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். அதிகம் பரவுபவை துப்பாக்கியும் கத்தியும் வரும் துண்டுகளே. தொடர்ந்து பார்த்தவர்களுக்கு வேறு படம் கிடைக்கும்: கூடவே ஓடிவந்த குழந்தைகள், தண்ணீர் கொடுத்தவர்கள், நின்று கைதட்டியவர்கள். கொள்ளையும் கடத்தலும் 352 நாட்களில் ஓரிரு நாட்கள். நான் புதியவர்களுக்குச் சொல்வது, நடுவில் இருக்கும் ஏதாவது ஒரு சாதாரண நாளின் காணொளியை முழுதாகப் பாருங்கள் என்பதுதான்.

நம் நாட்டில் இப்படி யாராவது உண்டா?

சூஃபியா கான். டெல்லி விமான நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், உடம்பைச் சரியாக வைத்துக்கொள்ள ஓட ஆரம்பித்தவர். 2019இல் காஷ்மீரில் இருந்து கன்னியாகுமரி வரை 87 நாட்களில் ஓடி கின்னஸ் சாதனை படைத்தார். பிறகு டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையை, 6,002 கிலோமீட்டரை, 111 நாட்களுக்குள் முடித்தார். நம் நெடுஞ்சாலைகளில், லாரிகளின் புகைக்கு நடுவே ஒரு பெண் இதைச் செய்திருக்கிறார். குக்கைத் தெரிந்த அளவுக்கு நம் பிள்ளைகளுக்கு இவரையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நான் இப்போதுதான் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். பதிவிட்டால் சிரிக்க மாட்டார்களா?

சிலர் சிரிக்கலாம். ஆனால் புதிதாக ஓடுகிறவரின் பதிவைத்தான் ஓடாதவர்கள் கவனித்துப் பார்க்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் மாரத்தான் முடிப்பவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா செருப்பை மாற்றிக்கொண்டு இறங்க மாட்டார். உங்களைப் பார்த்து இறங்குவார். தூரம், நேரம், எப்படி இருந்தது என்று மூன்று வரி போதும். அலங்காரம் தேவையில்லை.

ஓடும் இடத்தை வரைபடத்தோடு போடலாமா?

வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும் வரைபடத்தைப் பொதுவில் போடாதீர்கள். ஓடும் பாதையைப் பதிவுசெய்யும் செயலியான ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில், ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடங்கள் பளிச்சென்று தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. முகாமே மறையாதபோது நம் தெரு எம்மாத்திரம்?

ஸ்ட்ராவாவில் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி இருக்கிறது. எங்கள் குழுவில் சேர்கிறவர்களிடம் முதல் நாளே தொலைபேசியை வாங்கி அதைப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். தனியாக ஓடும் பெண்கள் ஓடி முடித்து வீடு திரும்பிய பிறகே பதிவிடுவது நல்லது. நாள்தோறும் ஒரே நேரம், ஒரே பாதை என்பது வெளியே தெரிய வேண்டாம்.

ஒரு நாளும் விடாமல் ஓடும் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று வலியோடு ஓடுகிறேன். தவறா?

தவறுதான். எங்கள் குழுவில் ஒரு தம்பி முழங்காலுக்குக் கீழே வலியோடு, இரவு 12 மணிக்கு முன் கணக்கை முடிப்பதற்காக, அடுக்குமாடியின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நொண்டிக்கொண்டே ஓடினார். எலும்பில் கீறல் என்று பிறகு தெரிந்தது. மாதக்கணக்கில் ஓடவே முடியவில்லை. முதுகுவலியில் குக் ஓய்வெடுத்த நாட்களை மேலே சொன்னேன். அந்த நாட்களிலும் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் போய்விடவில்லை.

இன்னொன்று. நீண்ட ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் சிவப்பாகவோ அடர் பழுப்பாகவோ போனால் அதை வீரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இவ்வளவு தூரம் ஓடியதாகச் சொல்வதை எப்படி நம்புவது? வண்டியில் ஏறியிருந்தால் யாருக்குத் தெரியும்?

தெரிந்துவிடும். 2016இல் அமெரிக்காவைக் குறுக்கே ஓடும் சாதனைக்கு முயன்ற பிரிட்டன் ஓட்டக்காரர் ஒருவருக்குப் பெரிய ரசிகர் கூட்டம் இருந்தது. ஒரு நள்ளிரவில் அவரோடு சேர்ந்து ஓட ஆசைப்பட்டுச் சாலைக்குப் போன உள்ளூர்க்காரருக்கு, மெல்ல ஊர்ந்துபோன வண்டிதான் தென்பட்டது, ஓடுகிறவரைக் காணோம். கேள்விகள் எழுந்தன. விளம்பரதாரரே நியமித்த நிபுணர்கள் அவருடைய கைக்கடிகாரத் தரவை ஆராய்ந்தார்கள். கடந்த தூரத்துக்குக் காலடி எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்த பகுதிகள் அகப்பட்டன. வாகனத்தின் உதவி இருந்திருக்க வேண்டும் என்று அறிக்கை சொன்னது, அவர் மறுத்தார்.

ரசிகர்களும் சாட்சிகளே என்பதை இதில் பார்க்கலாம். குக்கின் விஷயத்தில் நாள்தோறும் வந்த காணொளியும் தூரக் கணக்கும் எல்லோர் கண்முன்னும் இருக்கின்றன. துனிசியாவில் கடைசி நாளில் அவரோடு ஓடுவதற்காகவே வேறு நாடுகளில் இருந்து மக்கள் வந்து சேர்ந்தார்கள். நீங்கள் பெரிதாக ஏதாவது திட்டமிட்டால் கடிகாரத் தரவைத் திருத்தாமல் அப்படியே பொதுவில் வையுங்கள். வழியில் யார் வேண்டுமானாலும் வந்து கூட ஓடலாம் என்று அறிவியுங்கள்.

முடித்த பிறகு என்ன செய்தார்?

முடித்த அன்று மாலை விருந்து. ஸ்ட்ராபெரி டாக்கிரி என்ற காக்டெயில் குடிக்கப்போவதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார், குடித்தார். 2025இல் நியூசிலாந்தின் நீளத்தை, ஏறக்குறைய 3,000 கிலோமீட்டரை, தெற்கிலிருந்து வடக்கே ஓடினார்.

எனக்குக் கொஞ்சம் பேர் பின்தொடர்கிறார்கள். ஒரு நிறுவனம் இலவசமாகக் காலணி தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், சொல்லிவிட்டு வாங்குங்கள். இந்தியாவில் சமூக ஊடகப் பதிவர்களுக்கான விளம்பரத் தர நிர்ணய மன்றத்தின் நெறிமுறைகள் 2021 ஜூன் முதல் நடப்பில் இருக்கின்றன. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருளோ தள்ளுபடியோ பெற்றிருந்தாலும் அது விளம்பரம் என்பதைப் பதிவிலேயே, பார்த்தவுடன் தெரியும்படி சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் குவியலுக்குள் ஒளித்து வைப்பது கூடாது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல்முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

காலணியைப் பெற்றதும் அதைப் போட்டுக்கொண்டு சில வாரங்கள் ஓடிய பிறகே எழுதுவதாக நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் எழுதுவேன் என்று மின்னஞ்சலில் தெரிவியுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத நிறுவனத்தின் காலணி வேண்டாம்.